கூரையில்லாத வீட்டிடம் சொன்னது

ஏப்ரல் 12, சனி. மோட்டல் அறை.

இவருக்குப் பாலைவனச் சுரங்கமொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. நான் சிட்னியை விட்டு வரமாட்டேன் என்று சொல்லத்தான் இவரோடு அந்த ஊரைப் பார்க்க வந்தேன்.

வழியில், வெள்ளி தீர்ந்ததும் எல்லோரும் கைவிட்டுப் போன ஒரு சுரங்க ஊரைப் பார்த்தோம். ஒரு வீட்டில் புகைக்கூண்டும் வாசற்படியும்தான் மிச்சம்.

"பாத்தீங்களே, நீங்கள் போற ஊரும் நாளைக்கு இப்பிடித்தான்," என்றேன்.

படியிறங்கும்போது பழக்கத்தில் திரும்பி, "போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டேன். ஆளே இல்லாத வீட்டிடம்!

காரில் இவர் சிரித்தார். "திரும்பி வாறனெண்டு நீரே சொல்லிப்போட்டீர். அப்ப வேலைக்கு ஓமெண்டு சொல்லட்டோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ," என்றேன். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

இவர் நல்ல நித்திரை. எனக்கு வரவில்லை. நேற்று சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் வீட்டைப் பூட்டும்போது நான் அப்படி ஒன்றுமே சொல்லவில்லை.