வெடித்த பியர்ப் போத்தல்கள்

குதைபியா, மனாமா
12.03.1987

அன்புள்ள யோகம்மாவுக்கு,

நான் சுகம். நீரும் சின்னவளும் சுகமென்று உமது கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆறு கிழமையாகக் கடிதம் இல்லை.

இங்கே ஒரு பகிடி நடந்தது. லீவில் போன வெள்ளைக்கார எஞ்சினியர், வீட்டிலேயே பியர் செய்யும் சாமான் பெட்டியொன்றை எங்கள் ரூமுக்குத் தந்துவிட்டுப் போனார். ஒரு போத்தலுக்கு ஒரு கரண்டி சீனி என்று தாளில் இருந்தது. தேத்தண்ணிக்குப் போடுகிற கையால் நான் மூன்று போட்டு இறுக்கி மூடிவிட்டேன். நேற்று மத்தியானம் பத்துப் போத்தலும் காஸ் முட்டி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். ரூமில் கூட இருக்கும் மகேசன், “அண்ணை, ஷெல் இல்லை, போத்தல்தான். எழும்புங்கோ!” என்று சிரித்தான். எழும்பினால், நெஞ்சுக்குக் கீழே தலையணை. போன வருஷம் ஊரில் ஷெல் வந்து விழுந்தபோது சின்னவளை மூடிக்கொண்டு படுத்த மாதிரியே அதை மூடியிருந்தேன். மகேசன் பிறகு சிரிக்கவில்லை.

பதுங்கு குழிக்குள் தண்ணீர் ஊறுகிறதா என்று எழுதும். சின்னவளின் பழைய சட்டை ஒன்றை, இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்துவிடும். புதுச்சட்டை வாங்க அளவுக்குத்தான் கேட்கிறேன்.

டியூட்டி வான் ஹார்ன் அடிக்கிறது.

உமது
சிவகுருநாதன்

சட்டையைத் தோய்க்க வேண்டாம்.