வண்டியில் ஒரு இடம் இருந்தது

கண்ணு மஞ்சுளா,

அன்றைக்கு நம் வாசலில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மகன், உன் வீட்டுக்காரன் சீனிவாசன். உன் மகள் பவித்ரா. ஆனால் அவளைப் பின்னால் ஆட்டுப்பட்டியோரம் நிற்க வைத்திருந்தோம், பேசியது அவள் காதுக்கு எட்டாது. என் கொழுந்தன் முனியப்பன், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில். எதிர்வீட்டு எல்லம்மா, அவள் வீட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே. ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த பையன். அவன் பெயரைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்றைக்கும் குறைதான். கட்டுத்தறியில் கெம்பியும் அவள் கன்றும். இவ்வளவுதான். வேறு யாராவது நானும் இருந்தேன் என்று சொன்னால் நம்பாதே.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு நடந்ததை இப்போது வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். நான் மூன்றாவது வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் கண்ணால் பார்த்ததை மறக்கிற வியாதி எனக்கு இல்லை. என் கல்யாணத்தில் பந்தியில் யாருக்கு வடை வைக்காமல் போனார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அந்தச் சித்திரையை நீ முழுசாகப் பார்க்கவில்லை. மாமரங்களில் காய் தொங்கிக்கொண்டே கிடந்தது, ஏற்ற லாரி வரவில்லை. தக்காளி பறிக்கிற கூலிக்குக்கூட விலை போகாது என்று கொல்லையில் ஆட்டை விட்டு மேய வைத்தோம். ஆடுகளுக்கு மட்டும்தான் அந்த வருஷம் திருவிழா. ரோட்டில் வண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஓசூர்ப் பக்கம் சில கம்பெனிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சீனிவாசன் போய் வந்துகொண்டிருந்தான்.

முதலில் இருமிக்கொண்டு வந்தது அவன். அதை நான் அவன் தலையில் வைக்க மாட்டேன், நோய் ஆளைக் கேட்டுக்கொண்டா ஒட்டுகிறது? நீ அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாய், முதுகு தேய்த்தாய், அவன் குடித்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் துலக்கினாய். அவன் எழுந்தான். நீ படுத்தாய். படுத்தும் படுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்குக் காலையில்கூடத் தறியில் மூச்சு வாங்க உட்கார்ந்து கெம்பியைக் கறந்துவிட்டுத்தான் எழுந்தாய். கறந்த கேனை நான்தான் உன் கையிலிருந்து வாங்கினேன்.

அந்தப் பையன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னது இது. "யாராவது ஒருத்தர் கூட வாங்க. அங்க சேக்கறதுக்கு, மாத்திரை வாங்கறதுக்கு ஆளு வேணும். எடம் இருக்குது."

நான் காலைத் தூக்கி வைத்தேன். உங்கள் வயசுக்கு வேண்டாம் பாட்டி, உங்களையும் சேர்த்துப் படுக்க வைப்பார்கள் என்று தடுத்துவிட்டான். நீ திரும்பிச் சீனிவாசனைப் பார்த்தாய். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற மூச்சும் உனக்கு இல்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாட்டப் பாக்கணும். சாயங்காலம் யாரு கறக்கறது?"

கெம்பியைப் பற்றி ஊருக்கே தெரியும். கன்றுக்குட்டியாக இருந்தபோது உன் கையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவள். உன் அம்மா ஊரான ஆனேக்கல் பக்கத்துப் பேச்சில் நீ அவளுக்குப் பெயர் வைத்தாய், அந்தக் கன்னடத்திலேயே அவளோடு குசுகுசுவென்று பேசினாய். உன்னைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதைதான். உன் வீட்டுக்காரன் அவள் பக்கத்தில் போய் வருஷக்கணக்கு ஆகிறது. அந்த மாட்டைக் கறக்கிறதற்காக அவன் வீட்டில் நின்றான். நீ தனியாக ஏறினாய். கதவைச் சாத்தும்போது நீ தறியைத்தான் பார்த்தாய், எங்களை இல்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. நாலைந்து நாள் கழித்து இன்னொரு போன் வந்தது. சீனிவாசன் போனான். உன்னை மூடிக் கட்டி எடுத்துப் போனதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தான். உன் முகத்தை எங்களில் யாரும் பார்க்கவில்லை.

அவன் திரும்பி வருவதற்குள் முனியப்பன் உன் துணியை எல்லாம் ஒரு கோலால் இழுத்து வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டான். பாய், தலையணை, போர்வை, பீரோவில் இருந்த கூறைப்புடவை வரைக்கும். பவித்ராவை நான் இடுப்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். பாவி, அந்தக் கூறைப்புடவையை நீ நோவு வந்த பிறகு தொட்டதே இல்லை. சொன்னால் கேட்கிற நிலையில் அவன் இல்லை, கிட்டே வராதீர்கள் என்று கத்திக்கொண்டே இருந்தான். நான் மண்ணை அள்ளி அவன் மேல் தூற்றினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

கெம்பி நீ போன அன்று சாயங்காலமே பாலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தால் காலைத் தூக்கினாள். சீனிவாசன் ஒரு தடவை போய்ச் சொம்போடு உருண்டு விழுந்தான். கன்று தனியாக நின்று குடித்தது போக மீதி மடியில் கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் சுட்டது. மடி நோய் வந்தால் காம்பு செத்துவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நோவு வீடு என்று யாரும் வர முடியாமல் நம் வாசலை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். மாட்டு டாக்டர் போனிலேயே, எப்படியாவது கறந்து விடுங்கள் என்றார். எப்படியாவது என்றால் எப்படி?

அப்போதுதான் உன் வீட்டுக்காரன் மாட்டுத் தரகரை வரவழைத்தான். கல்லாவிப் பக்கத்து ஆள். தகரம் இருந்ததால் பின்கொல்லை வழியாக வந்தார். கண்ணு, எந்த மாட்டைப் பார்க்கணும் என்று உன்னோடு வண்டியில் ஏறாமல் நின்றானோ, அதே மாட்டை விற்க, உனக்குக் காரியம்கூட ஆவதற்கு முன்னால்.

தரகர் தள்ளி நின்று மடியைப் பார்த்தார். கறந்து காட்டச் சொன்னார். யாரும் அசையவில்லை. "கையே வெக்க வுடாத மாடு அடிமாடுதான் தம்பி. அந்த வெலதான் வரும்" என்றார். சீனிவாசன் சரி என்று தலையை ஆட்டினான்.

அடிமாடு. நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அடிமாடு.

கறந்து காட்டுகிறேன், நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர வழி தெரியாது. தவிட்டுப் பானையை எடுக்கத் தறிக் கொட்டகைக்குள் போனபோது ஆணியில் அது தொங்கியது. நீ கறக்கும்போது போடுகிற பூப்போட்ட நைட்டியும், மேலே மாட்டிக்கொள்கிற அவனுடைய பழைய கம்பெனிச் சட்டையும். சாணியும் பாலுமாக இருந்ததால் முனியப்பன் அதைத் துணி என்றே எண்ணவில்லை. நான் முகர்ந்து பார்த்தேன். நீ அதில் இருந்தாய்.

நைட்டியோடு வாசலுக்கு வராதே என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் புடவைக்கு மேலேயே அதை மாட்டினேன். சட்டையையும் போட்டுப் பட்டன் போட்டேன். வெளியே வந்தேன்.

"ஏம் பாட்டி, கம்பெனிக்கு ஷிப்டுக்குப் பொறப்பட்டாச்சா?" என்றார் தரகர்.

சீனிவாசன் சிரிக்கவில்லை. பதறினான். "அதுல கிருமி இருக்கும்மா. கழட்டிப் போடு. உன்னையும் வாரிக் குடுக்கணுமா நானு?"

"கிருமியாவது கடைசி வரைக்கும் அவகூட இருந்துச்சு. நீ எங்கடா இருந்த?" என்றேன்.

கன்றை அவிழ்த்து முதலில் ஊட்ட விட்டேன். உட்கார்ந்தேன். கெம்பி காலைத் தூக்கினாள், ஆனால் உதைக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் தோளை முகர்ந்தாள். சட்டைக் காலரை நக்கினாள். எனக்குத் தெரிந்த கன்னடம் சந்தைக்கன்னடம்தான். இருந்தாலும் நீ சொல்கிற மாதிரியே சொன்னேன். "நிந்த்கோ கெம்பி. நிந்த்கோ தாயி."

நின்றாள். முதலில் சொட்டுச் சொட்டாக, கட்டி கட்டியாக வந்தது. அதைத் தரையில் பீய்ச்சினேன். பிறகு மடி இளகியது. கேனில் விழுகிற சத்தம் கேட்டதும் பவித்ரா பட்டியிலிருந்து ஓடி வந்து, என்னை அந்த உடுப்பில் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கறந்திருக்க முடியாது.

தரகர் நல்ல மனுஷன். இது கறவை மாடு, நான் கேட்டது தப்பு என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அந்தப் பாலைச் சொசைட்டியில் வாங்கவில்லை, நம் வீட்டு நோவுக்காக. நானும் கேட்கவில்லை. காய்ச்சினேன், தயிராக்கினேன், நாய்க்கும் ஊற்றினேன். ஒரு நாள் எல்லம்மா தகரத்துக்கு மேலே சொம்பை நீட்டினாள். நம் வீட்டு நோவை ஊர் முழுக்கச் சொன்னவள் அவள்தான். பேரனுக்குப் பால் இல்லை, கடை மூடியிருக்கிறது என்றாள். சொம்பு நிறைய ஊற்றினேன். சொம்பை எடுக்கும்போது அவள் கண்ணைத் துடைத்தாள். அன்றோடு அவள் மேலிருந்த கோபத்தை விட்டுவிட்டேன். தகரம் எடுக்கும் வரைக்கும் முனியப்பன் தினமும் கெம்பிக்குச் சீமைப்புல் அறுத்து வேலிக்கு மேலே வீசிவிட்டுப் போனான். அவனோடு பேச்சு இன்னும் முழுசாக இல்லை. ஆனால் பயத்தில் செய்தவன், பயந்துகொண்டேதான் புல்லும் கொண்டுவந்தான். அவனையும் விட்டுவிட்டேன்.

இப்போதைய சேதி கேள். கெம்பிக்கு வயசாகிவிட்டது, கறவை நின்றுவிட்டது. விற்கவில்லை. அவள் பெற்ற கிடாரி இப்போது கறக்கிறாள், யார் உட்கார்ந்தாலும் நிற்கிறாள், சாது. பவித்ரா பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் அவள்தான் கறவை. நம் கொல்லையைச் சுற்றி மூன்று பக்கமும் கலர்க் கொடி நட்டு மனை பிரித்துவிட்டார்கள். நம்முடையதையும் கொடுத்துவிடலாம் என்று உன் வீட்டுக்காரன் வாரத்துக்கு ஒரு தடவை பேச்சை எடுக்கிறான். பட்டா என் பெயரில் இருந்தது. பத்திர ஆபீசுக்குப் போய்ப் பவித்ரா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து சாப்பாடு போடும்போதுதான் அவனிடம் சொன்னேன்.

இந்த வருஷம் உன் திதிக்கு உன் அண்ணன் வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு, கடைசி நேரத்தில் தங்கச்சி கூட யாரும் இல்லாமல் போய்விட்டதே என்று அழுதான். சீனிவாசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் யாரையும் ஏற விடவில்லை என்று சொன்னான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பவித்ராவும் கேட்டாள்.

மறுநாள் காலையில் கறந்துகொண்டே கேட்டாள். "ஆயா, டிரைவர் ஏத்த மாட்டேன்னாரா?"

"இல்ல. ஏறுங்கன்னான். எடமும் இருந்துச்சு."

அவள் கை நிற்கவில்லை. கேன் நிறைகிற வரைக்கும் கறந்தாள். பிறகு, "அப்பாகிட்ட கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு. அவன் சாப்ட்ட பொறவு கேளு" என்றேன்.

கேட்டாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பயமாக இருந்தது என்றான். அவ்வளவுதான் சொன்னான். பவித்ரா அழுதாள், பிறகு போய் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். மன்னித்துவிட்டாள். அவளுக்கு இருப்பது ஒரே அப்பன், வேறு என்ன செய்வாள்? உன் அண்ணனும் போனில் போனது போகட்டும் என்று சொல்லிவிட்டான். இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஆயா, நீயும் விட்டுடு என்கிறாள் உன் மகள்.

எல்லோரும் விட்டுவிட்டால் உன் பக்கம் யார் நிற்பது, கண்ணு? அந்த வண்டிக் கதவு சாத்தினபோது நீ தனியாகப் போனது யார் மனசில் இருக்கும்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் நடமாடுகிற வரைக்கும் நம் தறியில் கயிறு சும்மா தொங்காது. பவித்ரா படிப்பை முடிப்பாள், நிலம் அவளுடையதாகவே இருக்கும், கெம்பி சாகும்போது நம் கொல்லையில்தான் சாவாள். நான் பெற்ற மகனுக்கு மூன்று வேளையும் சோறு போடுவேன், காய்ச்சல் வந்தால் நெற்றியில் பத்துப் போடுவேன். அவனை மன்னிக்க மட்டும் என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு
உன் அத்தை,
சீனிவாசனைப் பெற்ற கௌரம்மா