முத்திரை இல்லாத ஏழு ஓலைகள்

மழை பருவம் தப்பாதிருக்க. கரை உறுதியாய் நிற்க. ஆம்பல்நாடு ஆளும் பூதலமாதேவியாரின் ஏரி வாரியத் தலைவன் குமரநந்தி, குன்றூர்க் கடிகையின் உயிர்நூல் பேராசிரியர் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை.

குமரநந்தி விடியலில் எழுகிறான். பல் துலக்கி, நீராகாரம் குடித்து, ஏரிக்குப் போய் அளவுகல்லைப் பார்க்கிறான். இன்று நீர் ஆறாம் கோட்டில் நிற்கிறது. ஏழாம் கோட்டைத் தொட்டதும் மதகு திறப்பது வாரிய வழக்கம். நான்கு நாளில் தொடும்.

பிறகு கரையோரப் புல்லுக்குள் இறங்குகிறான். இது வாரிய வழக்கமன்று. அங்கே முழங்கால் நீரில் விரால் சோடிகள் புல்லை வட்டமாய் விலக்கி, முட்டையிட்டு, காவல் நிற்கின்றன. நேற்று பதினொரு வட்டம், இன்று பதினான்கு. ஆழத்தை விட்டு ஏன் இங்கே வருகின்றன? குஞ்சுகள் எத்தனை நாளில் ஆழத்துக்குத் திரும்பும்? அவனுக்குத் தெரியாது. மதகு திறந்தால் இரண்டே நாளில் அந்தப் புல் காயும் என்பது தெரியும். மூன்றாண்டாய் வலையில் விரால் விழாதது இதனால்தானோ என்பது ஐயம்.

தலைவர் கல்லை விட்டு மீனுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பிவிட்டாரோ என்று மதகுக் காவலன் கொற்றன் நகைத்தான். மறுநாள் அவனே வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி, விடுபட்ட இரண்டு வட்டங்களைக் காட்டினான்.

இந்த ஐயம் தங்கள் மாணவியும் குமரநந்தியின் மனைவியுமான எயினியுடையது. வாரியத்துக்கு ஏழு ஓலைகளில் எழுதி அனுப்பினாள். ஐயம் தீராத எதற்கும் முத்திரை இடாதது கடிகை வழக்கம்; முத்திரை இல்லாத ஓலையைப் பிரிக்காதது வாரிய வழக்கம். ஏழும் பரணில் கிடந்தன. வீட்டில் அவள் பேச்செடுத்தபோது, வாரியத்துக்கு எழுது, முறைப்படி பார்க்கலாம் என்றவன் குமரநந்தியே. சென்ற மாதம் அவள் காய்ச்சலில் இறந்தாள். அதன்பின் பிரித்தான். ஏழாம் ஓலையில் ஐந்து வட்டம் என்றிருந்தது.

ஆகவே தேவியார் ஆணை: இவ்வாண்டு மதகு திறக்கும் நாளைக் கடிகையாரும் வாரியத்தாரும் சேர்ந்து அளந்தே குறிக்கக் கடவர். கரை எவ்வளவு நீர் தாங்கும் என்பதை வாரியத்தாராகிய யாம் சொல்வோம். குஞ்சுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் தாங்கள் சொல்லுங்கள். நான்கு நாளுக்குள் வருக. இனி ஐயத்தோடு வரும் ஓலையும் வாரியத்தில் பிரிக்கப்படும். ஏரி முத்திரை இட்டோம். இவ்வோலை கொணர்வோரை எவரும் வழிமறியாதிருக்க.

முத்திரைக்குக் கீழே எழுதியது, எயினி கடைசியாகச் சொன்னது:

“இன்னிக்கு எனக்கு முடியலங்க. நீங்க போய் எண்ணிட்டு வந்து சொல்லுங்க.”