குறுக்கே நின்ற மரம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிரேபனின் மலைக் குடிலுக்கு டிஷ் வைக்க இடம் பார்க்கப் போனேன். ஒஸ்லோவிலிருந்து லீவு நாட்களுக்கு மட்டும் வந்து போகிறவன். குடில் என்று சொல்லிக்கொள்கிறான், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரியது. காபிக் கோப்பையோடு என் பின்னாலேயே சுற்றினான். எனக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செயற்கைக்கோள் இருக்கும் திசைக்கும் அவன் சுவருக்கும் நடுவில் அவனுடைய ஊசியிலை மரமே நட்டுக்கொண்டு நிற்கிறது. சொன்னேன்.

"அதை வெட்ட முடியாது. அது போச்சுன்னா நான் வெந்நீர்த் தொட்டியில உட்கார்ந்திருக்கறது ரோட்டுல போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியும்."

சரி, மேற்குச் சுவரில் கம்பம் வைக்கலாம், அங்கிருந்து தடையே இல்லை என்றேன். அழகு கெட்டுவிடுமாம். பிறகு கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து தூக்கிப் பிடித்து, வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டு ஓஸ்னேயின் ரோன் மரத்தைக் காட்டினான்.

"இதுல பார்த்தா அந்த மரம்தான் குறுக்க வருது, தூர்குன்."

"முதல்ல அந்த உறையைக் கழட்டு. அதுல காந்தம் இருக்கு. திசையைத் தப்பாக் காட்டும்."

சிரித்தான். கழற்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டான்.

செப்டம்பர் 2

பிரேபனிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. விட்டது சனி.

செப்டம்பர் 15, திங்கள்

சீ. மனுஷனா அவன்?

மேய்ச்சலுக்கு விட்ட ஆடுகளைத் திரட்ட ஊரே மலைமேல் போயிருந்தது. ஓஸ்னேயும் போயிருந்தாள், அவளுக்கு ஆடுதானே பிழைப்பு. பள்ளத்தாக்கில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ரம்பத்தோடு வேலி தாண்டி, அவள் ரோன் மரத்தை அடியோடு சாய்த்திருக்கிறான். ஏதோ காட்டு மரம் என்று நினைத்தானாம்! முற்றத்தின் ஓரத்தில், கிளை கொள்ளாமல் சிவப்புப் பழத்தோடு நிற்பது காட்டு மரமா? கிறிஸ்துமஸ் அன்று அதன் வேரில் பியர் ஊற்றாமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அதில் ஒரு கிளையை ஒடிக்கக்கூட எங்கள் ஊரில் எவனுக்கும் கை வராது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தவள் பார்த்தது அடிக்கட்டையைத்தான்.

செப்டம்பர் 17

இன்றைக்குத்தான் தெரிந்தது. "டிஷ் வைக்க வந்தவள்தான் மரம் போகணும்னு சொன்னாள்" என்று ஓஸ்னேயிடம் சொல்லியிருக்கிறான். வாய் கூசவில்லை! உடனே போன் போட்டேன்.

"நான் எந்த மரத்தைச் சொன்னேன்?"

"நீ மரம்னு சொன்ன. எனக்கு அதுதான் ஞாபகம்."

"உன் மரத்தைச் சொன்னேன். உன் சொந்த மரத்தை!"

"கத்தாத. புதுசா ஒரு மரக்கன்னு வாங்கித் தர்றேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அது இருக்கட்டும், டிஷ்ஷை நானே மாட்டிட்டேன், படம் வரல. வந்து பாக்குறியா?"

கன்று வாங்கித் தருகிறானாம். காறித் துப்பலாம் போல இருந்தது. போனுக்குள் எங்கே துப்ப?

செப்டம்பர் 25

பெட்ரோல் போடப் போனால், "என்ன தூர்குன், இன்னிக்கு யார் மரம்?" என்கிறான் ஒருத்தன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிரில் வந்த ஓஸ்னே, நான் அங்கே இல்லாதது போலக் கடந்து போனாள். இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஏறாத கூரை இல்லை. ஆள் இல்லாத வீட்டுச் சாவியைக்கூட என்னிடம் நம்பிக் கொடுப்பார்கள். அந்தப் பெயரை ஒருத்தன் ஒரே பொய்யில் நாறடித்துவிட்டான். எனக்கு என் பெயர் வேண்டும். அவ்வளவுதான்.

அக்டோபர் 1

ஓஸ்னே வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று சாத்திவிட்டாள். அந்த வீட்டு வாசலோடு நான் திரும்பியது இதுதான் முதல் தடவை. ஒரு காபி இல்லை, ஒன்றும் இல்லை. அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. வரும் வழியெல்லாம் பிரேபனைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

அக்டோபர் 13, திங்கள்

வருஷத்தில் இந்தச் சில நாட்கள், மத்தியானம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும் சூரியன். அப்போது எதன் நிழல் டிஷ்மேல் விழுகிறதோ அதுதான் குறுக்கே நிற்பது. கருவியே வேண்டாம், கண் போதும். இன்றைக்கு மேகம் இல்லை. பிரேபனும் ஊரில் இல்லை.

ஓஸ்னேயை அவள் கொட்டகையிலேயே மடக்கினேன். "கால் மணி நேரம் குடு. அப்புறம் ஆயுசுக்கும் என்கூடப் பேச வேண்டாம்" என்றேன். என்ன நினைத்தாளோ, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிரேபன் மாட்டிய டிஷ்ஷின் முன்னால் நிறுத்தி, விஷயத்தைச் சொன்னேன். காத்திருந்தோம். நிழல் சுவரில் நகர்ந்து நகர்ந்து வந்து டிஷ்ஷை மூடியது. பிரேபனுடைய ஊசியிலை மரத்தின் நிழல். முழுசாக, அச்சு அசலாக.

"பாத்தியா? நான் சொன்னது இந்த மரத்தை. உன் மரத்தை இல்ல. உன் மர நிழல் இந்நேரத்துக்கு எங்க விழுந்திருக்கும்? உன் விறகுக் கொட்டகைமேல. இந்தப் பக்கமே வராது!"

ஜெயித்துவிட்டேன் என்ற குதூகலம், மறைப்பானேன்.

ஓஸ்னே டிஷ்ஷைப் பார்த்தாள். திரும்பி வேலிக்கு அந்தப் பக்கம் அடிக்கட்டையைப் பார்த்தாள்.

"அப்ப அது குறுக்கவே நிக்கலையா?" என்றாள்.

"இல்ல."

"சும்மாவா வெட்டினான்?"

மரம் எதற்கோ இடைஞ்சலாக இருந்தது, அதனால் போனது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த ஆறுதலையும் நானே போய்ப் பிடுங்கிவிட்டேன். என் பெயருக்காக.

அக்டோபர் 15

கடையில் ஓஸ்னே. ரொட்டி அடுக்கின் அந்தக் கோடியிலிருந்து, கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "தூர்குன்! அவ மேல தப்பு இல்ல, கேட்டுக்கோங்க எல்லாரும்!" என்று சத்தம் போட்டுச் சொன்னாள். அழுது வீங்கிய கண்.

தலையாட்டினேன். பாலுக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.