இந்த வண்டி நிற்க வேண்டும்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் இங்கே நலம், கார் ஒன்றுதான் நலமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று முதலில் சொல். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா என் தோளை இடித்துக்கொண்டே நிற்கிறார், நான் சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றியது. அதோடு இப்போது நான் உட்கார்ந்திருப்பது கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், காத்திருக்கும் அறையில். கையைச் சும்மா வைத்திருந்தால் நகத்தையெல்லாம் கடித்துத் தின்றுவிடுவேன் போலிருக்கிறது, அதனால் வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா காரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறார், பக்கத்து சீட்டில் ‘பார்த்துடலாம்’ இருக்கிறான். அவன் யார் என்று கேட்காதே, சொல்லத்தான் போகிறேன்.

காருக்கு வந்திருக்கிற வியாதி உனக்குத் தெரியும். காலையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் வேகத்தைக் குறைத்துத் திருப்பினால், விளக்கை அணைத்த மாதிரி எஞ்சின் பட்டென்று அணைந்துவிடும். தினமும் அப்படி ஆனாலாவது பரவாயில்லை, நினைத்தால் நிற்கும், நினைத்தால் ஓடும். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்குவான், எனக்கு உயிரே போய்விடும். வாரண்டி இருக்கிறதே, இலவசமாகச் சரிசெய்து தருவார்களே என்று ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் இங்கே கொண்டுவருவோம். அவர்களும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார்கள், கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை என்பார்கள், கழுவித் துடைத்து, காலுக்குக் காகிதம் விரித்து, உள்ளே வாசனை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வயிற்றுவலி என்று போனவனுக்கு முகச்சவரம் செய்து அனுப்பினால் எப்படி இருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ அதே தெருமுனையில் மறுபடியும் நிற்கும்.

இங்கே டையும் அட்டையும் மாட்டிக்கொண்டு நம் காருக்குப் பொறுப்பாக ஒரு பையன் இருக்கிறான், அவனுக்குத்தான் நான் ‘பார்த்துடலாம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். கார் நிற்கிறது என்றாலும் பார்த்துடலாம், எப்போது தருவாய் என்றாலும் பார்த்துடலாம், வாரண்டி இந்த மாதத்தோடு முடிகிறதே தம்பி என்றாலும் பார்த்துடலாம். கூரை பெயர்ந்து தலையில் விழுந்தாலும் அதையேதான் சொல்வான். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று பாட்டுப் போட்டு, பாட்டு முடிவதற்குள் கட்டாகிவிடுகிறது. உடனே எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு ஒரு செய்தி வருகிறது, வெட்கமே இல்லாமல். நம் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணை எட்டிப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன தடவை வந்தபோது ‘பார்த்துடலாம்’ குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், “வண்டியில குறை இல்லம்மா, சாருக்கு வயசாச்சு இல்லையா, காலை எங்க வைக்கிறோம்னு தெரியாம வச்சிடறாரு” என்றான். எவ்வளவு தாழ்த்தினாலும் அப்பா காதில் விழாமல் இருக்குமா. ஆயுசு முழுக்க ஊர் ஊராகப் பஸ் ஓட்டிய மனுஷன். தூங்கிக்கொண்டு வருகிற பயணிக்குத் தூக்கம் கலையாமல் பிரேக் போடுவார் என்று அவர் கண்டக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்து இந்தப் பேச்சு. அவர் சண்டைக்குப் போவார் என்று பார்த்தால், சரி வா போகலாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை தன் காலையே குனிந்து குனிந்து பார்த்தபடி ஓட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் செய்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிறவளுக்குப் பயம் அதிகம்தான். ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது, இனி ஓட்ட வேண்டாம், சாவியை வாங்கி வை என்று நீ சொன்னபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார், திரும்பி வந்து சாவியை என் மடியில் வைத்தார். “நீயே வச்சுக்கோ, என்னாலதான் நிக்குதோ என்னவோ” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அதற்கப்புறம் ஜன்னலோர நாற்காலிதான் கதி, தெருவில் போகிற வண்டிகளைப் பார்ப்பார், கடைக்குப் போக வேண்டுமென்றால் பையை எடுத்துக்கொண்டு நடந்தே போவார். காபி ஆற்றும்போது கை நடுங்குகிறதா என்று நானும் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்றும் எனக்குத் தெரியும்.

இப்போது எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் காணோம். அந்த வரவேற்புப் பெண் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிறாள், அத்தனை தடவை போய்விட்டேன்.

விஷயம் எப்படிப் பிடிபட்டது தெரியுமா. போன வாரம் உன் அக்கா தன் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போய்விட்டு நம் வீட்டுக்கு வந்தாள். போகும் முன் குழந்தையைத் துடைத்து, பவுடர் போட்டு, மருந்தையும் கொடுத்துக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே அது நாற்காலிக்கு நாற்காலி தாவியிருக்கிறது, டாக்டர் குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். காய்ச்சலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் டாக்டர் எதைப் பார்ப்பார் என்று அவளைத் திட்டிக்கொண்டே இருந்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டேன். உன் அப்பாவும் இதையேதானே செய்கிறார்! டிப்போவில் அவர்களுக்கு ஒரு வழக்கம், வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்கும் முன் கழுவி, எஞ்சினைச் சூடேற்றி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக் குறையில்லாமல்தான் கொடுப்பார்கள், குளிர்ந்த வண்டியைக் கொடுப்பது அவமானம். சர்வீஸுக்குக் கொண்டுவரும் அன்றைக்கெல்லாம் மனுஷன் விடியும்போதே எழுந்து அதைத்தான் செய்திருக்கிறார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வருகிற வியாதியை வாசலிலேயே குணப்படுத்தி, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினால் இவர்கள் கம்ப்யூட்டர் என்ன சொல்லும்.

சொன்னேன். முதலில் முறைத்தார், அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் உடனே நம்பவில்லை, நம்பப் பயம். நேற்று மாலை காரைச் சேறும் தூசியுமாக அப்படியே கொண்டுவந்து இங்கே விட்டோம், ராத்திரி முழுக்க இங்கேயே குளிரட்டும், காலையில் யாரும் சாவி போடக்கூடாது, அவர்தான் எடுப்பார், நீயும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ‘பார்த்துடலாம்’ தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவோ வாசல் காவலாளியிடம் போய், வழக்கமாக இப்படி அழுக்காகக் கொண்டுவர மாட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிறார். காலையில் என்னையும் காரில் ஏறச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். ஒருவேளை வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் அவர் முகத்தை நான் பார்க்கக் கூடாது.

அதனால்தான் இங்கே உட்கார்ந்து, கடவுளே இந்த வண்டி நிற்க வேண்டும், நடுரோட்டில் நிற்க வேண்டும், நன்றாக நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கார் வாங்கியவர்களில் இப்படி வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அது நின்றால் குறை காரில். நிற்காவிட்டால், அதை எழுத என் கை ஓட மாட்டேன் என்கிறது. டிவியில் யாரோ சமையல் செய்துகொண்டிருக்கிறார்கள், ஒரு மண்ணும் மனதில் ஏறவில்லை.

அப்பா போன் செய்தார்! பேனாவைக் கீழே போட்டுவிட்டேன், அதனால்தான் மேலே ஒரு கோடு இழுபட்டிருக்கிறது. “நின்னுடுச்சுடி! ரவுண்டானாவுல நட்டநடுவுல நின்னுடுச்சு!” என்றார். பின்னால் ஹாரன் சத்தம் காது கிழிகிறது, அதற்கு மேல் அவர் சிரிப்பு கேட்கிறது. நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாரே, அதே குரல். நான் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன், வரவேற்புப் பெண்தான் ஓடிவந்து என்ன ஆச்சும்மா என்று கேட்டாள். எங்கள் கார் கெட்டுப்போய்விட்டது என்றேன். பாவம், அவளுக்கு என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை.

இழுவை வண்டி காரை இழுத்துக்கொண்டு வந்தது. ‘பார்த்துடலாம்’ டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு தொப்பலாக வேர்த்து இறங்கினான், ஓரம் கட்டும்வரை அவன்தான் தள்ளினானாம், அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற இடத்தில் ஏதோ ஒரு பாகம் குளிரில் ஒட்டிக்கொள்கிறதாம், வாரண்டியிலேயே மாற்றித் தருகிறோம், ஆனால் பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பான் என்று உனக்கே தெரியும். கார் கைக்கு வரும்வரை என் மனம் ஆறாது, நாளைக்கும் வந்து இவன் எதிரில் உட்காரத்தான் போகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பையன் நல்லவன். தானாகவே அப்பாவிடம் வந்து, “சார், தப்பு உங்க மேல இல்ல சார்” என்றான். அப்பா அவன் தோளில் தட்டிக்கொடுத்தார், அப்புறம் என்னைக் கைகாட்டி, “எனக்குத் தெரியும்பா, அதை அவகிட்ட சொல்லு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தப்பு அவர் மேல் இல்லை என்பதை நான் கேட்டுக்கொண்டேன். இனி கேட்டுக்கொள்ள வேண்டியவள் நீ ஒருத்திதான், அதற்குத்தான் இந்தக் கடிதம். இன்றைக்கு அவர் ஓட்டியது இங்கே கொடுத்திருந்த மாற்றுச் சாவியில், அன்றைக்கு என் மடியில் வைத்த சாவி என் கைப்பையிலேயே இருந்தது, அதை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். நீ அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்டுவைக்காதே, மனுஷன் கூச்சத்தில் எழுந்து போய்விடுவார். விடுமுறைக்கு வரும்போது டாக்சிக்குச் சொல்லாதே, அது போதும். விமானம் எப்போது இறங்குகிறது என்று அவருக்கே போன் செய்து சொல், வந்து கூட்டிப் போங்கள் அப்பா என்று கேள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடு, பவுடர் போடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா