செவலை தானாக வந்தது

மந்தாரக்குப்பம் புதுக்காலனி
ஆகஸ்டு 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

திருவதிகையில் அத்தை வீட்டில் எல்லோரும் சுகமா? நாங்கள் சுகம்.

நெய்வேலி சுரங்கத்துக்கு நம் ஊரைக் கொடுத்துவிட்டு இந்தப் புது நிலத்துக்கு வந்ததிலிருந்து, நம் பசு செவலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவிழ்த்துவிட்டால் பழைய ஊருக்கே ஓடிவிடும். அங்கே இப்போது கம்பிவேலிதான் இருக்கிறது. அதன் ஓரமாக நின்று கத்தும். அம்மாதான் போய் ஓட்டிவருவாள்.

இந்த மண்ணும் லேசில் மசியவில்லை. கொத்திக் கொத்தி அம்மாவின் கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் விதைத்த மல்லாட்டை முளைத்துவிட்டது அப்பா! நான்தான் காக்காய் ஓட்டுகிறேன்.

இன்று காலையில் அம்மா செவலையை அவிழ்த்துவிட்டு, "போறதுன்னா போவட்டும். இனிமே நான் தேடிக்கினு போவ மாட்டேன்" என்றாள். நாள் முழுக்க யாரும் தேடவில்லை. பொழுது சாயும்போது அது தானாக வந்து கொட்டகையில் நின்றது. தொட்டியில் கழுநீர் நிரம்பியிருந்தது. அம்மா மதியமே ஊற்றிவைத்திருக்கிறாள்.

"இந்த நெலத்துல கால் வைக்க மாட்டேன்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை அம்மா மறக்கவில்லை. "அப்பாவ வரச்சொல்லி எழுதக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

அதனால் செவலையைப் பற்றி மட்டும் எழுதினேன்.

உங்கள்
சின்ன மகள்