உச்சரிப்பு மோசம்

ரொசாரியோ,
டிசம்பர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜுசாரா எழுதுகிறேன். அம்மாவின் ரத்த அழுத்தம் இப்போது பரவாயில்லை என்று அண்ணன் சொன்னான். நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கோபமாக இருந்தாலும் நலமாக இருங்கள்.

மூன்று வாரமாக என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. அதற்கு முன் எடுத்தபோதும் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதைக் கிழிக்கலாம், குறுக்கே பேச முடியாது. நாளை காரில் நம் ஊர் உமுவாராமாவுக்குக் கிளம்பும் என் வகுப்புத் தோழி இதை உங்கள் கையிலேயே கொடுப்பாள். அவள் முன்னால் மட்டும் கிழிக்க வேண்டாம், பயந்துவிடுவாள்.

டிசம்பர் பதினைந்துக்குள் வந்து கூட்டுறவு சங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேராவிட்டால் எனக்கு மகளே இல்லை என்று அண்ணனிடம் சொல்லியனுப்பினீர்கள். பதினைந்து போய்விட்டது. நான் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன், மன்னிப்புக் கேட்க அல்ல.

ஆகஸ்டில் நான் உடற்கூறியலில் தோற்றது உங்களுக்குத் தெரியும். எப்படித் தோற்றேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இங்கே தேர்வு இவர்கள் பாஷையில், அதுவும் வாய்மொழியாகத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு மருத்துவர்கள், இந்தப் பக்கம் நாம், நடுவில் எலும்புகள். தலைமைத் தேர்வாளர் இரிகோய்தியா மூட்டு எலும்பை நீட்டினார். தசைநார் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பதற்றத்தில் 'முழங்கால்' என்பது மட்டும் நம் போர்த்துகீசியத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

அவர் எலும்பை வாங்கி வைத்துவிட்டார். "இந்த ஊர்ல யாருக்கும் அப்படி ஒரு உறுப்பு கிடையாதும்மா. உன் ஊருக்கே போய் உன் பாஷையிலயே படி. அடுத்த ஆள் வாங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வார்த்தைக்காக அத்தனை மாத உழைப்பும் போனது அப்பா. அன்று உங்களுக்குப் போன் செய்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றீர்கள். அத்தோடு போனை வைத்துவிட்டேன்.

இங்கே என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று அம்மா கேட்டாளாம். நேலிடா என்ற விதவையின் வீட்டில் பின்கட்டு அறை. என்னோடு பெரு நாட்டுப் பெண் யெசேனியா. காலையில் நகலகத்தில் வரிசை, பிறகு வகுப்பு, பிறகு பிணவறை, வீடு திரும்பும் பேருந்தில் என் மேல் வீசும் ஃபார்மலின் வாடைக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்துவிடும். வந்த முதல் வாரம் நேலிடா, "வாசோல தண்ணி எடுத்துக் குடி" என்றாள். நம் ஊரில் வாசோ என்றால் பூந்தொட்டி, இல்லாவிட்டால் கக்கூஸ். நான் வெலவெலத்து நின்றேன். இவர்களுக்கு அது கண்ணாடி டம்ளராம். இந்த வெயிலிலும் மாத்தே இலைத் தேநீரைக் கொதிக்கக் கொதிக்கத்தான் உறிஞ்சுகிறார்கள். நான் நம் வழக்கப்படி ஐஸ் தண்ணீர் ஊற்றினால், ஏதோ பாவம் செய்வதுபோல நேலிடா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருந்தாலும் ஊற்றுகிறேன்.

டிசம்பர் தேர்விலும் அதே இரிகோய்தியாதான் என்று பட்டியல் வந்தது. யெசேனியா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ஆள் முன்னாடியே மறுபடி போய் உக்காரப் போறியா? மார்ச் வரைக்கும் பொறுடி, வேற ஆள் வருவாங்க." நான் பொறுக்கவில்லை. மார்ச் வரை ஒளிந்திருந்தால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். நீங்கள் சொன்னதும்தான்.

யெசேனியாவைச் சமையல் மேசையில் படுக்கவைத்து, அவள் காலில் உதட்டுச்சாயத்தால் நரம்புகளை வரைந்து, சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். ஒரு மத்தியானம் நேலிடா உள்ளே வந்து, "அடிப்பாவிகளா, அதுலதான்டி நான் மாவு பிசையணும்!" என்று கத்தினாள். யெசேனியா சிரித்த சிரிப்பில் தொடை நரம்பெல்லாம் கலைந்துபோனது.

நேற்றுத் தேர்வு. இரிகோய்தியா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஓ, பிரேசில் அம்மாவா? இந்தத் தடவை எந்த பாஷை?"

"உங்க பாஷைதான் டாக்டர். என் வாய்ல எப்படி வருமோ அப்படி."

மற்றவர்களுக்குப் பத்து நிமிடம், எனக்கு அரை மணி. இடுப்பு, தோள், கழுத்து என்று போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் முழங்கைக்கு வந்தபோது அதற்கு இவர்கள் சொல்லும் பெயர் மறந்துவிட்டது. வரிசையில் யாரோ கனைத்தார்கள். என் முழங்கையை மடக்கி மேசையில் டக்கென்று வைத்தேன். "பேர் வரல டாக்டர். ஆனா இதுக்குப் பின்னால போற நரம்பு அறுந்தா எந்த ரெண்டு விரல் மரத்துப்போகும்னு சொல்றேன். எங்க தைக்கணும்னும் சொல்றேன்." சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் மருத்துவர், "போதுமே டாக்டர், இன்னும் என்ன வேணும்?" என்று பேனாவை அவர் பக்கம் தள்ளினார்.

பத்துக்கு ஏழு. கையெழுத்துப் போட்டபடி, "உச்சரிப்பு மோசம்" என்றார்.

"ஆமா டாக்டர். அது எங்க அப்பா குடுத்தது. மாத்தறதா இல்லை" என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

தோழியின் காரிலேயே நானும் வந்திருக்கலாம். ஆனால் ஆகஸ்டில் நடந்ததைப் பற்றி நாளை மறுநாள் கல்லூரியில் எழுத்துமூலம் புகார் கொடுக்கிறேன். தேறியாயிற்று, இனி எதற்கு வம்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பின்னால் அதே வரிசையில் நம் நாட்டுப் பெண்கள் பதினோரு பேர் நிற்கிறார்கள். கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

இருபத்துமூன்றாம் தேதி காலை என் பேருந்து வரும். கிறிஸ்துமஸுக்கு இருப்பேன், பிப்ரவரி முழுக்க இருப்பேன். மார்ச்சில் இரண்டாம் வருடத்துக்குத் திரும்பிவிடுவேன். வந்த பிறகு சண்டை வேண்டாம் என்றுதான் இதை இப்போதே சொல்கிறேன். மகளே இல்லை என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை நீங்கள் ஒருவராகத் தீர்மானிக்க முடியாது.

அம்மாவின் மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள். வெயிலில் வெகுதூரம் லாரி ஓட்ட வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு அம்மா கட்டாயம் வருவாள். நீங்களும் வாங்கப்பா. திட்டுவதற்காவது வாங்க.

என்றும் உங்கள் மகள்,
ஜுசாரா